தானுந்துகளுக்கிடையே சக்கர மாற்றம்

தானுந்துகளுக்கிடையே சக்கர மாற்றம் என்பது, கார் எனப் பரவலாக அழைக்கப்படும் தானுந்து ஒன்றுக்கென உருவாக்கப்பட்ட சக்கரங்களைக் கழற்றி, வேறு வகைத் தானுந்தில் பொருத்துவதைக் குறிக்கும். தோற்றத்தை மேம்படுத்துவதற்காகவும், உடைந்த சக்கரத்துக்குக் குறைந்த செலவில் மாற்றுத் தேடுவதற்காகவும், உற்பத்தி நின்றுபோன வண்டிகளைத் தொடர்ந்து ஓட்டுவதற்காகவும் இது செய்யப்படுகிறது. துளைகளின் எண்ணிக்கை ஒத்திருந்தால் சக்கரம் பொருந்தும் என்பது பரவலான தவறான கருத்து ஆகும். ஒரு சக்கரம் ஏறிவிடுவதும் அது பொருந்துவதும் ஒன்றல்ல. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபாடுகூட ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் கழன்று விழக் காரணமாகலாம்.

சக்கரம் நிலைபெறும் முறை

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில் உள்ளதைப் போலவே, தானுந்தின் அச்சு முனையிலும் சக்கரத்தைத் தாங்கும் குடம் ஒன்று உண்டு. இது பட்டறை வழக்கில் ‘ஹப்’ எனப்படும். மாட்டுவண்டியில் சக்கரம் கழலாமல் ஓர் அச்சாணி காக்கிறது. தானுந்தில் அந்த வேலையை, குடத்திலிருந்து வெளிநீளும் மூன்று முதல் ஆறு வரையிலான மரையாணிகளும் அவற்றின்மேல் முடுக்கப்படும் மரைகளும் செய்கின்றன. ஃபோக்ஸ்வாகன், ஃபியட் போன்ற சில நிறுவனங்களின் வண்டிகளில் மரைகளுக்குப் பதிலாகக் குடத்தினுள் முடுக்கப்படும் ஆணிகள் பயன்படுகின்றன.

வண்டியின் எடையை மரையாணிகள் நேரடியாகச் சுமப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், முடுக்கப்பட்ட மரையாணி சிறிது இழுபட்டு, சக்கரத்தைக் குடத்தின் முகத்தோடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வே சக்கரத்தை நழுவாமல் வைத்திருக்கிறது. 12 மி.மீ. விட்டமுள்ள மரையாணியை 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் முடுக்கினால், தோராயமாக 4 டன் எடைக்கு ஈடான அழுத்தம் உண்டாகும். சக்கரம் குடத்தின்மேல் சீராகப் படியாவிட்டாலும் மரை தன் இருக்கையில் முழுமையாக அமராவிட்டாலும் இந்த அழுத்தம் சிறிது சிறிதாகக் குறையும்.

பொருத்தத்தைத் தீர்மானிக்கும் அளவுகள்

1. துளைவட்ட விட்டம்

மரையாணித் துளைகளின் மையங்கள் வழியாகச் செல்லும் கற்பனை வட்டத்தின் விட்டம் துளைவட்ட விட்டம் ஆகும். பட்டறைகளில் இது ‘பி.சி.டி.’ எனப்படுகிறது. 4×100 என்பது 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நான்கு துளைகள் என்பதைக் குறிக்கும்.

நான்கு அல்லது ஆறு துளைகள் இருப்பின், எதிரெதிர்த் துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவே இந்த விட்டம் ஆகும். ஐந்து துளைகள் இருப்பின், அடுத்தடுத்த இரு துளைகளின் மையத் தொலைவை 0.588 ஆல் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அத்தொலைவு 67.2 மி.மீ. எனில் துளைவட்ட விட்டம் 114.3 மி.மீ. ஆகும். மூன்று துளைகளுக்கு 0.866 ஆல் வகுக்க வேண்டும்.

இவ்வளவுகளில் சில அங்குலக் காலத்தின் எச்சங்கள் ஆகும். 114.3 மி.மீ. என்பது 4½ அங்குலம், 139.7 மி.மீ. என்பது 5½ அங்குலம், 108 மி.மீ. என்பது ஏறத்தாழ 4¼ அங்குலம்.

2. நடுத்துளை

சக்கரத்தின் நடுவிலுள்ள துளை, குடத்தின் நடுவிலுள்ள புடைப்பின்மேல் அமர்ந்து சக்கரத்தை மையப்படுத்துகிறது. சுவிஃப்டின் நடுத்துளை 54.1 மி.மீ., நிசான் மைக்ராவினுடையது 60.1 மி.மீ. ஆகும். இரண்டும் 4×100 வகையே. மைக்ராவின் சக்கரம் சுவிஃப்டில் ஏறும். ஆனால் சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி இருக்கும். அதனை நிரப்ப அளவான வளையம் ஒன்று தேவை. சுவிஃப்டின் சக்கரமோ மைக்ராவில் ஏறவே ஏறாது. சக்கர மாற்றம் ஒருவழிப் பாதையாக அமையக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு ஆகும்.

3. புரியும் மரையின் இருக்கையும்

மரையாணியின் தடிமன் ஒன்றாக இருந்தாலும் புரியிடைத் தூரம் வேறுபடலாம். மாருதி சுசுக்கி, நிசான் தானுந்துகளில் இது 1.25 மி.மீ.; ஹூண்டாய், ஹோண்டா தானுந்துகளில் 1.5 மி.மீ. ஆகும். சக்கரத்தோடு வந்த மரையைப் புரி மாறியிருப்பது அறியாமல் முடுக்கினால், இரண்டொரு சுற்றில் இறுகிப் புரியைச் சிதைத்துவிடும். புரி எப்போதும் வண்டியின் மரையாணிக்கு ஏற்றதாகவே இருக்க வேண்டும்.

மரையின் அடிப்பகுதியின் வடிவமோ சக்கரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெரும்பாலான மரைகள் கூம்பு வடிவ அடி கொண்டவை. ஹோண்டாவின் சொந்தச் சக்கரங்கள் உருண்டை வடிவ அடியுள்ள மரைகளுக்கென அமைந்தவை. உருண்டை இருக்கையில் கூம்பு மரையை முடுக்கினால், பரப்பு முழுவதும் படியாமல் ஒரு மெல்லிய வளையக் கோட்டில் மட்டுமே தொடும். இறுகியது போலத் தோன்றினாலும் சில நூறு கிலோமீட்டரில் அது தளரக்கூடும்.

4. அகலமும் விலகலும்

சக்கரத்தின் அகல மையத்துக்கும் அது குடத்தில் படியும் முகத்துக்கும் இடைப்பட்ட தொலைவு விலகல் ஆகும். சக்கரத்தின்மேல் ‘ஈ.டி.’ என்னும் எழுத்துகளை அடுத்து இது மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். 6 அங்குல அகலமும் 45 மி.மீ. விலகலும் கொண்ட சக்கரத்துக்குப் பதிலாக, 7 அங்குல அகலமும் 35 மி.மீ. விலகலும் கொண்ட சக்கரத்தைப் பொருத்துவதாகக் கொள்வோம். அதன் வெளிவிளிம்பு 22.7 மி.மீ. வெளியேயும், உள்விளிம்பு 2.7 மி.மீ. உள்ளேயும் நகரும். வெளியே மிகுதியாக நகர்ந்தால் டயர் மட்கார்டில் உரசும். உருள்தாங்கியின் மீதான நெம்பு விசையும் கூடும். உள்ளே நகர்ந்தால் அதிர்வேற்பியிலோ பிரேக் அமைப்பிலோ உரசலாம்.

5. டயரின் வெளிவிட்டம்

வேகமானியும் பூட்டாத் தடுப்பமைப்பும் (ஏ.பி.எஸ்.) சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டே வேகத்தைக் கணிக்கின்றன. ஆகவே புதிய டயரின் வெளிவிட்டம் பழையதற்கு மிக நெருக்கமாக இருக்க வேண்டும். 165/80 ஆர்14 என்னும் டயரின் பக்கச்சுவர் உயரம் 165 மி.மீ.இல் 80 விழுக்காடு, அதாவது 132 மி.மீ. ஆகும். 14 அங்குலம் 355.6 மி.மீ. எனவே வெளிவிட்டம் 355.6 + 132 + 132 = 619.6 மி.மீ. ஆகும்.

6. சுமைத்திறன்

டயரின் பக்கச்சுவரிலுள்ள சுமைக் குறியெண் ஒரு டயர் தாங்கும் உச்ச எடையைக் காட்டும். 85 என்பது 515 கிலோகிராமையும், 88 என்பது 560 கிலோகிராமையும் குறிக்கும். சக்கரத்துக்கும் தனியான சுமை வரம்பு உண்டு. சிறிய தானுந்தின் சக்கரத்தை எடைமிகுந்த ஏழிருக்கை வண்டிக்கு மாற்றுவது, துளைகள் ஒத்திருந்தாலும், பாதுகாப்பானது அன்று.

தாம்பரம் சுற்றுவட்டாரத் தானுந்துகள்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள பகுதி இந்தியத் தானுந்துத் தொழிலின் முதன்மை மையங்களுள் ஒன்று ஆகும். அங்கு உருவான வண்டிகளின் துளைவட்டங்களே மாற்றத்தின் எல்லைகளைத் தெளிவாகக் காட்டுகின்றன.

* வண்டலூர்: ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1960களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தானுந்தை இங்கு உற்பத்தி செய்தது. இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டை அடியொற்றிய இதன் துளைவட்டம் 4×95.25, அதாவது 3¾ அங்குலம். அந்நிறுவனத்தின் தானுந்து உற்பத்தி 1988இல் நின்றது. இக்காலத் தானுந்துகளில் இவ்வளவு வழக்கில் இல்லாததால், இதனைப் பேணுவோர் பழைய சக்கரங்களையே செப்பனிட்டுப் பயன்படுத்த வேண்டியுள்ளது.
* மறைமலை நகர்: ஃபோர்டு நிறுவனத்தின் ஐகான் (1999), ஃபியஸ்டா (2005), ஃபிகோ (2010), ஈக்கோஸ்போர்ட் (2013) ஆகியவை 4×108 வகையின. இங்குத் தானுந்து உற்பத்தி 2022இல் முடிவுற்றது.
* இருங்காட்டுக்கோட்டை: ஹூண்டாயின் சான்ட்ரோ (1998), ஐ20 (2008) ஆகியவை 4×100 வகையின.
* ஒரகடம்: ரெனோ-நிசான் தொழிற்சாலையில் 2010 முதல் உருவான தானுந்துகளுள் மைக்ரா 4×100, டஸ்டர் 5×114.3 வகையின. 2015இல் வெளிவந்த குவிட் மூன்று துளைகள் மட்டுமே கொண்டது.

மறைமலை நகரில் உருவான ஈக்கோஸ்போர்ட்டின் சக்கரமும் இருங்காட்டுக்கோட்டையில் உருவான ஐ20யின் சக்கரமும் நான்கு துளைகள் கொண்டவையே. எனினும் ஒவ்வொரு துளையும் 4 மி.மீ. விலகியிருப்பதால் ஒன்று மற்றொன்றில் ஏறாது. ஒரே நிறுவனத்தின் தானுந்துகளும் வேறுபடுவதுண்டு: மாருதி சுசுக்கியின் சுவிஃப்ட் 4×100, எர்ட்டிகா 5×114.3 ஆகும்.

எடுத்துக்காட்டு

2011இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை சுவிஃப்டின் தொடக்கநிலை வகைக்கு, எலைட் ஐ20 உயர்வகையின் 16 அங்குலச் சக்கரங்களைப் பொருத்துவதாகக் கொள்வோம்.

* துளைவட்டம்: இரண்டும் 4×100. பொருந்தும்.
* நடுத்துளை: இரண்டும் 54.1 மி.மீ. வளையம் தேவையில்லை.
* வெளிவிட்டம்: 165/80 ஆர்14 டயருக்கு 619.6 மி.மீ.; 195/55 ஆர்16 டயருக்கு 620.9 மி.மீ. வேறுபாடு 0.2 விழுக்காடு மட்டுமே.
* புரி: ஐ20யின் மரைகள் பயன்படா. 1.25 மி.மீ. புரியிடைத் தூரமும் கூம்பு அடியும் கொண்ட மரைகள் தேவை.
* அகலம்: டயர் 30 மி.மீ. கூடுதல் அகலமானது. விலகலைக் கணக்கிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, பின்னிருக்கையில் ஆட்களை ஏற்றி, உரசல் உள்ளதா எனச் சோதிக்க வேண்டும்.

தவறான பொருத்தத்தின் விளைவுகள்

மிகவும் ஆபத்தானது, ஏறத்தாழப் பொருந்தும் சக்கரமே. 4 மி.மீ. வேறுபாடு சக்கரத்தை ஏறவிடாமல் தடுத்துவிடும். 4×98 வகை ஃபியட் தானுந்தில் 4×100 சக்கரத்தைப் பொருத்தும்போது ஒவ்வொரு துளையும் 1 மி.மீ. மட்டுமே விலகுவதால், வலிந்து முடுக்கினால் ஏறிவிடும். அப்போது ஆணிகள் சாய்ந்து அமர்ந்து வளைகின்றன. சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் அவ்வளைவின் மீதான விசை கூடிக் குறையும். 620 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 513 முறை சுழலும். தாம்பரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள செங்கல்பட்டுக்குச் சென்று சேர்வதற்குள் இது 15,000 முறைக்கு மேல் நிகழ்ந்துவிடும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது ஒடிவது போன்றே, ஆணியும் களைப்புற்று முறியலாம். கழன்ற சக்கரம் சாலையில் செல்லும் பிறருக்கும் ஆபத்தை விளைவிக்கும்.

இத்தகைய முறிவுக்கு முன் பெரும்பாலும் ஸ்டியரிங்கில் நடுக்கமும் சக்கரத்திலிருந்து தட்டும் ஓசையும் தோன்றும். அவை தென்பட்டால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும். துளைகளை அகலப்படுத்துதல், தரமற்ற ஸ்பேசர்களைச் செருகுதல் ஆகியவை தீர்வாகா.

பழைய சக்கரங்களை வாங்குதல்

சென்னையில் பழைய வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றது புதுப்பேட்டை ஆகும். பழைய சக்கரத்தை வாங்குமுன் டயரைக் கழற்றி உட்புற விளிம்பைப் பார்ப்பது நன்று. எஃகுச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் நெளியும். அலாய் வீல் எனப்படும் அலுமினியக் கலவைச் சக்கரம் விரிசல் விடக்கூடும். பற்றவைத்து, மேலே வண்ணம் பூசி மறைத்த விரிசல்கள் உட்புறத்திலேயே தெரியும். டயரின் வயதை அதன் பக்கச்சுவரிலுள்ள நான்கிலக்க எண்ணால் அறியலாம்: 2319 என்பது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

பொருத்தும் முறை

குடத்தின் முகத்திலுள்ள துருவையும் வண்ணப்பூச்சையும் நீக்கிய பின்னரே சக்கரத்தை ஏற்ற வேண்டும். மரைகளை முதலில் கையால் முடுக்கி, பின்னர் எதிரெதிராக இறுக்க வேண்டும். சிறிய தானுந்துகளுக்கு வேண்டிய முறுக்குவிசை பெரும்பாலும் 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை அமையும். துல்லியமான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மீண்டும் சரிபார்ப்பது இன்றியமையாதது. ஸ்டெப்னி எனப்படும் மாற்றுச் சக்கரம் பழைய வகையாகவே இருந்தால், அதற்குரிய மரைகளையும் வண்டியில் வைத்திருக்க வேண்டும்.

சட்ட நிலை

இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. உற்பத்தியாளரின் மூல அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றலாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் வழங்கிய தீர்ப்பு வலியுறுத்தியது. ஆகவே அதே வகைத் தானுந்தின் வேறு பதிப்புகளுக்கு உற்பத்தியாளரே வழங்கும் அளவுகளுக்குள் மாற்றத்தை அமைத்துக்கொள்வது ஏற்றது ஆகும். எடுத்துக்காட்டாக, சுவிஃப்டின் உயர்வகைக்கு உற்பத்தியாளர் வழங்கிய 185/65 ஆர்15 டயரின் வெளிவிட்டம் 621.5 மி.மீ. ஆகும். தொடக்கநிலை வகையின் டயரோடு ஒப்பிட இது 1.9 மி.மீ. மட்டுமே கூடுதல். அதே வண்டியின் உயர்வகைச் சக்கரம் என்பதால் துளைவட்டம், நடுத்துளை, விலகல் ஆகிய அனைத்தும் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவை.

இவற்றையும் பார்க்க

* சக்கரம்
* டயர்
* உராய்வு
* முறுக்குவிசை
* உலோகக் களைப்பு