முதுகுவலி, கழுத்துவலி

முதுகெலும்புத் தொடரிலும் அதைச் சூழ்ந்த தசை, வட்டு, நரம்புகளிலும் எழும் வலி. 2020இல் உலகில் சுமார் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகுவலி இருந்தது. பெரும்பாலும் தனியொரு காரணம் புலப்படாது. வட்டுப் பிதுக்கம், எலும்பு முறிவு, முதுகெலும்புக் காசநோய் ஆகியன சிறுபான்மை. இராசபாளையம் நூற்பாலைகள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிக்கூடங்கள் போன்ற பணியிடங்களில் நெடுநேரம் நிற்பதும் குனிந்து உடலை முறுக்கிப் பாரம் தூக்குவதும் வலியைத் தூண்டும். கழுத்துவலியைத் தலை கவிழ்ந்து செய்யும் வேலை தூண்டும்.

நீண்ட படுக்கை ஓய்வு பயனற்றது; இயன்றவரை நடமாட்டமும் உடற்பயிற்சியுமே முதன்மை மருத்துவம். பலர் நம்பி அணியும் இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் நாள்பட்ட கீழ்முதுகுவலிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. கால் செயலிழப்பு, சிறுநீர் அடைப்பு, காய்ச்சல், எடையிழப்பு ஆகியவற்றில் ஏதேனும் வலியுடன் சேர்ந்தால் உடனடி மருத்துவப் பரிசோதனை தேவை.