கயிற்றுக்கு அந்தப் பக்கம்

கொஞ்சம் நீண்ட பதிவு. தரம் 10 பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் நேரம் இருந்தால் வாசியுங்கள்.

போன கிழமை வகுப்பில் ஒரு மாணவன் ஒரு வீடியோவைப் பற்றிச் சொன்னான். கட்டாரில் வேலை செய்யும் அவனுடைய சாச்சா லீவுக்குக் காஷ்மீர் போய், குல்மார்க்கில் எடுத்து அனுப்பியதாம். மலை முழுக்க வெள்ளை. ஒரு கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆட்கள் வரிசையாகச் சறுக்குகிறார்கள். அந்தப் பக்கம் யாருடைய காலும் படாத பனி, அதிலே ஒரே ஒருவன் ஸ்னோபோர்டில் இறங்கிப் போகிறான். "சேர், நாங்களும் ரிவஸ்டன் போற நேரம் அப்படித்தான் போகோணும், பாதையை விட்டு" என்றான் பின் வாங்கில் இருந்த இன்னொருவன். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அடுத்த இரண்டு வரலாற்றுப் பாடவேளைகளும் இதிலேயே போயின. பாடத்திட்டத்தில் இல்லாத விஷயம்தான், அதிபர் மன்னிக்க வேண்டும். அங்கே சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குல்மார்க். காஷ்மீரின் கடைசி சுதேச சுல்தான்களில் ஒருவரான யூசுப் ஷா சக் 16ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர் என்று சொல்வார்கள். 'பூக்களின் புல்வெளி' என்று பொருள். கோடையில் மன்னர்கள் பூப் பார்க்க வந்த இடம் அது. குளிர்காலத்தில் அங்கே விளையாடலாம் என்று கண்டவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். 1927இல் அவர்கள் அங்கே இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் போன பிறகு, 1948இல், இந்திய இராணுவம் தன் வீரர்களுக்கு அதே மலையில் ஒரு பனிச்சறுக்குப் பள்ளி வைத்தது. எல்லைக் கோடு அந்த மலைக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே.

1980களின் இறுதியில் கேபிள் கார் கட்டத் தொடங்கினார்கள். கலவரம் வெடித்தது, வேலை நின்றது. முதல் கட்டம் 1998இலும் இரண்டாவது கட்டம் 2005இலும்தான் திறந்தன. இரண்டாவது கட்டம் ஆட்களை அபர்வத் மலையில் ஏறத்தாழ 4,000 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். நமது பிதுருதலாகல 2,524 மீற்றர், ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு உலகம் முழுவதிலுமிருந்து 'ஓஃப்-பிஸ்ட்' பிரியர்கள் வரத் தொடங்கினார்கள். பிஸ்ட் என்றால் பிரெஞ்சில் தடம். தடத்தை விட்டு வெளியே போவதுதான் ஓஃப்-பிஸ்ட். பனியைச் சமப்படுத்திக் கொடி நட்ட பாதையில் அவர்களுக்கு ருசி இல்லை. கன்னிப் பனிதான் வேண்டும்.

அவர்களுக்கு வழி காட்டுபவர்கள் யார்? தங்மார்க் போன்ற அடிவாரக் கிராமங்களின் இளைஞர்கள். வாப்பா பலகை சுமந்தவர், மகன் வழிகாட்டி. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் போன ஒரே ஒரு வீரர் ஆரிஃப் கான் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவர். இதைச் சொன்னதும் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஆனால் அதே மலையில் 2010 பெப்ரவரி 8ஆம் திகதி பயிற்சியில் இருந்த இராணுவத்தினர் மேல் பனிச்சரிவு விழுந்து 17 பேர் இறந்தார்கள். மலையை நன்கு தெரிந்த இராணுவம் அது. 2023 பெப்ரவரி 1ஆம் திகதி போலந்துக்காரர் இருவர். 2024 பெப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். கேபிள் கார் நேரே இறங்கும் கிண்ணம் போன்ற பகுதியில்தான் வெடி வைத்துப் பனியைத் தளர்த்திப் பாதுகாப்பு செய்வார்கள். அதற்கு வெளியே போனால் உங்கள் பொறுப்பு. வீடியோவில் நாம் பார்த்த கயிறு அந்த இரண்டையும் பிரிப்பது.

சரி, கயிறு கட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டும்.

1902 ஜனவரி 23. வட ஜப்பானில் அவொமோரி நகரிலிருந்து 210 படைவீரர்கள் ஹக்கோடா மலைக்குப் புறப்பட்டார்கள். ரஷ்யாவோடு யுத்தம் வரும் என்ற எதிர்பார்ப்பில், பனியில் நடக்கும் பயிற்சி. போக வேண்டிய தூரம் சுமார் 20 கிலோமீற்றர். நமக்கு மாத்தளையிலிருந்து நாலந்தாவுக்குப் போகிற அளவு. வழியில் கடைசிக் கிராமத்தவர்கள், "இன்றைக்குப் போகாதீர்கள், போவதென்றால் எங்கள் ஆள் ஒருவரைக் கூட்டிப் போங்கள்" என்று சொன்னார்கள். அதிகாரிகள் கேட்கவில்லை. வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்கிறதே, கிராமத்தான் எதற்கு?

அந்த நாட்களில் வந்த குளிர் சாதாரணமானதல்ல. ஜனவரி 25ஆம் திகதி ஹொக்கைடோவின் அசஹிகாவாவில் பாகை செல்சியசில் மறை 41 பதிவானது. ஜப்பானில் அதுதான் இன்றுவரை அதிகாரபூர்வச் சாதனைக் குளிர். படை வழி தவறி, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது. தேடிப் போனவர்கள் முதலில் கண்டது கொத்தோ என்ற கோப்ரலை. பனிக்குள் புதைந்தபடி நின்றுகொண்டே இருந்தார், உயிரோடு. 210 பேரில் 199 பேர் மௌத்து.

பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொன்னது இதற்கு அடுத்த பகுதியை. அதே நாட்களில், அதே மலையில், எதிர்ப் பக்கத்திலிருந்து ஹிரோசாக்கிப் படையினர் வந்தார்கள். மொத்தம் 38 பேர், அதில் ஒருவர் பத்திரிகையாளர். கப்டன் புக்குஷிமா தலைமை. ஊருக்கு ஊர் உள்ளூர்க்காரரை வழிகாட்டியாக எடுத்துக்கொண்டு நடந்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.

இதோடு நிறுத்தினால் நல்ல பாடம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மிக மோசமான கட்டத்தைக் கடக்க அவர்களுக்கு வழி காட்டியவர்கள் ஏழு கிராமத்தவர்கள். மலையைத் தாண்டியதும் கப்டன் கூலியைக் கையில் வைத்து, கண்டதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லி, அவர்களை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். பனிக்கடியில் கைகால் கெட்டு, பின்னர் வாழ்நாள் முழுக்க அவதிப்பட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். படைக்குப் புகழ் கிடைத்தது. ஏழு பேருக்கு நினைவுக்கல் வைக்கப்பட்டது பல காலம் கழித்து.

ரஷ்யாவை ஜப்பான் வென்ற பிறகு, அந்தப் படையைப் படிக்க ஒஸ்திரிய-ஹங்கேரியிலிருந்து தியோடோர் வொன் லேர்ஹ் என்ற மேஜர் வந்தார். அவர் 1911 ஜனவரி 12ஆம் திகதி நீகத்தா மாகாணத்தின் தகடாவில் படையினருக்குப் பனிச்சறுக்குச் சொல்லிக் கொடுத்தார். கையில் ஒரே ஒரு தடி. இன்றைக்கும் ஜப்பானில் ஜனவரி 12 பனிச்சறுக்கு நாள். அடுத்த வருஷம் ஹொக்கைடோ போய் யோட்டெய் மலையில் ஏறினார். அந்த மலைக்கு எதிரேதான் இன்றைய நிசேக்கோ இருக்கிறது. கவனியுங்கள், அப்போது கொடி நட்ட பாதையே கிடையாது. எல்லாமே ஓஃப்-பிஸ்ட்தான். லிப்ட் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அதோடு பாதை வந்தது, பாதையோடு கயிறும் வந்தது.

நிசேக்கோவின் பனிக்கு ஏன் இவ்வளவு பெயர்? சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்க்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தைக் குடித்துக்கொண்டு வருகிறது. மலையில் மோதியதும் பஞ்சு மாதிரிக் கொட்டுகிறது. நமது வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவில் ஈரம் அள்ளி வந்து நக்கிள்ஸில் மோதுகிறதே, அதே கணக்குத்தான். அவர்களுக்குப் பஞ்சு, நமக்கு மழையும் அட்டையும். (நமது தமிழில் ரிவஸ்டன் மூட்டமும் பனி, காலையில் புல்லில் இருப்பதும் பனி, நிசேக்கோவில் கொட்டுவதும் பனி. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு வேலை வாங்குகிறோம்!)

ஜப்பானின் பல சறுக்கு மைதானங்களில் கயிற்றைத் தாண்டினால் டிக்கெட்டைப் பறிப்பார்கள். தாண்டுகிறவர்கள் தாண்டத்தான் செய்தார்கள், இறக்கத்தான் செய்தார்கள். நிசேக்கோக்காரர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். "போக வேண்டாம் என்றால் கேட்க மாட்டாய். சரி, போ. ஆனால் வாசலால் போ." கயிற்றுக்கு இடையே வாசல்கள் வைத்தார்கள். ஒவ்வொரு நாள் காலையும் காற்றையும் பனியையும் பார்த்து, எந்த வாசல் திறப்பது, எது பூட்டுவது என்று தீர்மானித்து அறிவிப்பார்கள். பூட்டியிருந்தால் யாரும் போகக் கூடாது. 'வசந்த நீர்வீழ்ச்சி' என்று பொருள்படும் ஹரு-நோ-தக்கி என்ற இடம் மட்டும் எப்போதுமே திறப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. பிள்ளைகளை வளர்க்கிறவர்களுக்கும் இது விளங்கும்.

இனி எனக்குச் சிரிப்பு வராத விஷயம்.

2017 மார்ச் 27. தோச்சிகி மாகாணம், நசு என்ற இடம். உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மலையேற்றப் பயிற்சி முகாம். இரவு பருவம் தப்பிக் கடும் பனி. மலை ஏறும் திட்டத்தை ஆசிரியர்கள் கைவிட்டார்கள், நல்ல முடிவு. பதிலாக, சறுக்கு மைதானத்தை ஒட்டிய சரிவில் ஆழமான பனியில் நடந்து பழகலாம் என்றார்கள். தூரம் போகவில்லை. மைதானத்துக்குப் பக்கத்திலேதான். பனிச்சரிவு வந்தது. ஏழு மாணவர்களும் ஓர் இளம் ஆசிரியரும் இறந்தார்கள். புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சமிக்ஞைக் கருவி பிள்ளைகளிடம் இருக்கவில்லை. பொறுப்பாக இருந்த மூன்று ஆசிரியர்களுக்கு 2024 மே மாதம் உத்சுனோமியா மாவட்ட நீதிமன்றம் தலைக்கு இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதித்தது.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. பிள்ளைகளை நேசித்த, அனுபவம் உள்ள ஆசிரியர்கள். அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

ஏனென்றால், பல வருடங்களுக்கு முன் நான் வேறொரு பாடசாலையில் இருந்தபோது, பிள்ளைகளை ரிவஸ்டன் கூட்டிப் போனேன். கோபுரத்துக்குப் போகும் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். வெயில் நன்றாக அடித்தது. பக்கத்தில் ஒற்றையடிப் பாதை ஒன்று காட்டுக்குள் இறங்கியது. "சேர், இதால போய்ப் பார்ப்பமா?" என்றார்கள். நான்தான் சரி என்றேன். வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கால் மணி நேரத்தில் மூட்டம் வந்தது. நக்கிள்ஸ் மூட்டம் எப்படி வரும் என்று றத்தோட்டைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கதவைச் சாத்துகிற மாதிரி வரும். திரும்பி வந்து எண்ணினால் ஒருவன் குறைவு.

ஒன்றரை மணி நேரம். கூப்பிட்டுக் கூப்பிட்டு என் குரல் போய்விட்டது. ஏலத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு முதியவர் அவனைக் கையில் பிடித்துக் கூட்டி வந்தார். ஓடைச் சத்தத்தைக் கேட்டு இறங்கியிருக்கிறான். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் செங்குத்துப் பள்ளம் என்று அவர் சிங்களத்தில் சொன்னார். நான் அவர் கையில் காசைத் திணித்துவிட்டு, பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டாரிடம் பெரிதாகச் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகளிடமும் சொன்னேன். அந்த முதியவரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஹக்கோடாவின் ஏழு பேரைப் பற்றி வாசித்த அன்று இரவு இதுதான் நினைவுக்கு வந்தது.

நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாகி, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. உச்சி கொம்பானிய, 1,906 மீற்றர். பனிச்சரிவு இங்கே கிடையாது. மூட்டம், மழைக்குப் பெருகும் ஓடை, வழுக்குப் பாறை, இவை போதும்.

பயணம் போகத்தான் போகிறோம், இன்ஷா அல்லாஹ். வலயக் கல்வி அலுவலக அனுமதிக்கு எழுதியாயிற்று. பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். இல்லுக்கும்புரப் பக்கத்தில் மலை தெரிந்த இருவரை முழு நாளைக்கும் எடுக்கிறோம், அவர்களுக்கும் நம்மோடுதான் பகல் சாப்பாடு. காலையில் அவர்கள் வேண்டாம் என்றால் பிட்டவல பத்தனையைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். கட்டணம் தலைக்கு 150 ரூபா கூடுகிறது, அந்த இருவரின் கூலிக்காக. அதைப் பற்றிக் கேள்வி உள்ள பெற்றோர் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்துக்கு வாருங்கள். பின் வாங்கில் இருந்த அந்தத் தம்பிக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். ஏறும்போதும் இறங்கும்போதும் ஆட்களை எண்ணுவது அவன்.

அந்த முதியவர் இப்போது இருக்கிறாரோ தெரியாது. ரிவஸ்டன் பக்கம் ஏலத் தோட்டங்களில் வேலை செய்தவர்களைத் தெரிந்தவர்கள் இருந்தால், இன்பொக்ஸில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.