சட்டம் காத்ததா, மக்கள் காத்தனரா?



பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்திருக்கும் தாமான் நெகாராவை நம் மாணவர்கள் அறிவர். 1938, 1939ஆம் ஆண்டுகளில் அம்மாநிலங்கள் இயற்றிய சட்டங்களால் அமைந்த அப்பூங்கா, முதலில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கியிருந்தது. விடுதலைக்குப் பின்னரே இன்றைய பெயரைப் பெற்றது.

சட்டம் இருந்தும் 1970களில் அதற்கு இடர் வந்தது. மின்னாற்றலுக்காகத் தெம்பிலிங் ஆற்றில் அணை கட்டத் திட்டமிட்டனர். கட்டியிருந்தால், பூங்காவின் தாழ்நிலக் காட்டில் ஒரு பகுதி நீரில் மூழ்கியிருக்கும். மலாயா இயற்கைச் சங்கமும், நம் பினாங்கில் இயங்கும் சகாபாட் ஆலாம் மலேசியாவும் எதிர்த்துக் குரல் கொடுத்தன. 1980களின் தொடக்கத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

எல்லா நாடுகளிலும் இவ்வாறு முடிவதில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ‘ரெயின்போ பிரிட்ஜ்’ என்னும் இயற்கையான கல்வளைவு உண்டு. கிளென் கேன்யன் அணைக்கு ஒப்புதல் தந்த 1956ஆம் ஆண்டுச் சட்டமே, நீர்த்தேக்கத்தால் அவ்வளைவிற்குக் கேடு நேராமல் காக்க வேண்டும் என்றது. ஆயினும், காப்புப் பணிக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கவில்லை. தேங்கிய நீர் வளைவின் அடிவரை வந்தது. வழக்குத் தொடுத்த இயற்கை ஆர்வலர்கள் 1973இல் மேல்முறையீட்டில் தோற்றனர்.

சட்டம் வேண்டும், அதனைக் கண்காணிக்கும் மக்களும் வேண்டும். நம் தெலுக் பகாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவும் 2003இல் அரசிதழில் அறிவிக்கப்பட்டதே. அங்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது, மரங்களின் பெயர்களோடு தெம்பிலிங்கின் கதையையும் சொல்லுவோம். நாளை அக்காட்டிற்காகக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் அவர்களே.