மரத்தடியிலிருந்து மக்கள் சபைக்கு

நடுவர் அவர்களே! உரிமை கிடைப்பது சட்டத்தாலா, ஒற்றுமையாலா என்பது கேள்வி. எதிரணி நண்பர் ஜோசப் ஆர்ச் பெயரைச் சொன்னார். 1884இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது, கிராமத்துக் கூலிக்காரனுக்கு ஓட்டு வந்தது, 1885இல் ஆர்ச் எம்.பி. ஆனார், ஆகவே சட்டமே என்றார். நான் கேட்கிறேன், அந்தச் சட்டம் என்ன வானத்திலிருந்தா விழுந்தது?

ஆர்ச் 1826இல் பார்ஃபர்டு கிராமத்தில் பிறந்தவர். ஏழு வயசுப் பையனாகத் தேவாலயக் கதவின் சாவித் துவாரத்தில் எட்டிப் பார்த்தார். முதலில் நிலக்கிழார் நற்கருணை வாங்குகிறார். அடுத்து பண்ணையார்கள். அடுத்து கடைக்காரர்கள். எல்லாரும் முடிந்த பிறகு, தனியாக, கூலிக்காரர்கள். அதிலே அவர் அப்பாவும் ஒருத்தர்! சாமி சந்நிதியிலும் வரிசை இருந்ததய்யா. இதை ஆர்ச் கடைசிவரை மறக்கவில்லை.

ஒன்பது வயசிலே பள்ளிக்கூடம் முடிந்தது. வயலில் காக்கா விரட்டுகிற வேலை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு நாலு பென்னி கூலி. ராத்திரியில் படிப்புச் சொல்லிக் கொடுத்தது அம்மா. வளர்ந்ததும் உயிர்வேலி வெட்டுவதில் மன்னர் என்று பேர் வாங்கினார்.

1872 பிப்ரவரி 7. வெல்ஸ்போர்ன் கிராமத்தில் பேசக் கூப்பிட்டார்கள். சின்னக் கூட்டம்தான் இருக்கும் என்று போனார். கிட்டத்தட்ட 2,000 பேர்! மேடை கிடையாது, மைக் கிடையாது. ஒரு மரத்தடி, ஏறி நிற்க ஒரு முக்காலி, கழியில் கட்டிய லாந்தர். அந்த வருஷமே தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இரண்டே வருஷத்தில் 86,000 உறுப்பினர்கள்.

1874இல் பண்ணையார்கள் கதவடைப்புச் செய்து சங்கத்தை ஒடித்தார்கள். ஒத்துக்கிறேன், அதிலே சங்கம் தோற்றது. ஆனால் கூலியோடு ஓட்டும் வேண்டும் என்று கேட்கப் பழகிய வாய், மூடவில்லை. பத்து வருஷம் கழித்துத்தான் நண்பர் சொன்ன சட்டம் வந்தது.

ஆர்ச் ஜெயித்த வடமேற்கு நார்ஃபோக் தொகுதியில்தான் வேல்ஸ் இளவரசரின் சாண்ட்ரிங்காம் மாளிகை இருந்தது. காக்கா விரட்டிய பையன், இளவரசர் வீட்டுக்கும் எம்.பி.! 1886இல் தோற்றார். 1892இல் மறுபடி ஜெயித்து, 1900 வரை இருந்தார். 1919இல் பிறந்த வீட்டிலேயே கண்ணை மூடினார்.

சட்டம் கதவைத் திறந்தது உண்மை. தட்டியது யார்? மரத்தடியில் நின்ற கூட்டம். ஆகவே ஒற்றுமையே என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.