பழைய புல்லட்டுக்கு வீட்டில் பெயின்ட் அடித்தல்

பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் டேங்க், மட்கார்டு, டூல் பாக்ஸ் போன்றவற்றைக் கழற்றி, பழைய பூச்சை நீக்கி, வீட்டிலேயே மறுபடி பெயின்ட் அடிக்கும் வேலை. பெயின்ட் அடிக்க அதிக நேரம் ஆகாது. அதற்கு முன் தேய்ப்பதுதான் நாள்கணக்கில் இழுக்கும்.

துருவைச் சுரண்டி, தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நசுங்கல்களுக்குப் பட்டி பார்ப்பார்கள். பட்டி காய்ந்ததும் உப்புத்தாளால் மட்டம் செய்து பிரைமர் அடித்து, அதை 400, 600 எண் வாட்டர் பேப்பரால் நீர்விட்டுத் தேய்க்க வேண்டும். மேடு பள்ளம் கண்ணைவிட உள்ளங்கைக்கே முதலில் தெரியும்.

ஸ்பிரே கன்னைச் சுமார் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை அடிப்பது முறை. ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழியும். மழைநாளில் டுகோ எனப்படும் லாக்கர் பெயின்ட் அடித்தால் பூச்சு வெளுத்துப்போகும்: தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதே காரணம். ஹார்டனர் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்டில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் உண்டு. துணி முகமூடி அதைத் தடுக்காது. வீட்டில் இந்தப் பெயின்டைத் தவிர்ப்பதே நல்லது. காலியான டேங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கும் என்பதால் தீ அருகில் வரக்கூடாது.

கடைசி வேலை, டேங்கின் பொன்னிறக் கோடு. புல்லட் தயாரான திருவொற்றியூர் ஆலையில் அதைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். வீட்டில் பெரும்பாலோர் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்.