ஒரே விலாசத்தை எத்தனை முறைதான் டைப் பண்ணுவீங்க? ஆன்லைன் ஃபார்ம்களை ஈஸியாக நிரப்பும் வழிகள்!

பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, கதவு எண், தெரு, மாவட்டம், பின்கோடு... ஆன்லைன் ஷாப்பிங்கில் ஆரம்பித்து பிள்ளையின் காலேஜ் அப்ளிகேஷன் வரை எல்லா ஃபார்மும் கேட்பது இதே பத்துப் பதினைந்து விஷயங்களைத்தான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து டைப் செய்துகொண்டிருக்கத் தேவையில்லைங்க. அதற்கான வசதிகள் உங்கள் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஏற்கெனவே இருக்கின்றன, அதுவும் இலவசமாக!

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனசுல வச்சுக்கோங்க. கையால் டைப் செய்யும்போது வரும் பிழை, அந்த ஒரு ஃபார்மோடு முடிந்துவிடும். தப்பாகச் சேமித்து வைத்த பெயரோ, இனி நிரப்பும் எல்லா ஃபார்மிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால், சேமிக்கும்போது காட்டும் நிதானம்தான் பிறகு நேரத்தை மிச்சப்படுத்தும்.

பிரவுசரில் ஆட்டோஃபில்

குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி என எல்லா முக்கிய பிரவுசர்களிலும் ஆட்டோஃபில் வசதி உண்டு. ஃபார்மின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் ‘இது பெயர்’, ‘இது பின்கோடு’ என்று இணையதளத்தை உருவாக்கியவர்கள் ஒரு குறிப்பு வைத்திருப்பார்கள். அதைப் படித்துத்தான், சேமித்த தகவலை பிரவுசர் பொருத்துகிறது. அந்தக் குறிப்பைச் சரியாக வைக்காத தளங்களில் ஆட்டோஃபில் தடுமாறும். தப்பு உங்கள் போனில் இல்லை!

குரோமில் செட்டிங்ஸ் போய், முகவரிகளுக்கான பகுதியைத் திறந்து பெயர், விலாசம், போன் நம்பர், மெயில் ஐ.டி ஆகியவற்றை நீங்களே பதியலாம். பிரவுசர் தானாகச் சேமிக்கட்டும் என்று விட்டால், அவசரத்தில் டைப் செய்த அரைகுறை விலாசமும் சேர்ந்துவிடும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் அப்படியொரு தப்பான பரிந்துரை வந்தால், கீழ் அம்புக்குறி கீயால் அதற்கு வந்து ஷிஃப்ட், டெலீட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் இது வேலை செய்யும்.

நம்ம ஊர் பெயருக்கு ஒரு எச்சரிக்கை

நாம் இனிஷியல் போட்டுப் பழகியவர்கள். ஆனால், பல ஃபார்ம்களில் ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘லாஸ்ட் நேம்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். ‘எஸ்.கவிதா’ என்று சேமித்து வைத்திருந்தால், ‘எஸ்’ முதல் கட்டத்திலும் ‘கவிதா’ கடைசிக் கட்டத்திலும் போய் விழலாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். வெளிநாட்டு விமான டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியேதான் பெயர் இருக்க வேண்டும். எனவே, இந்த மாதிரி ஃபார்ம்களில் பெயர்க் கட்டங்களை மட்டும் கையால் நிரப்புவது நல்லது.

மாவட்டத்தையும் கவனியுங்கள். 2019-ல் திருநெல்வேலியிலிருந்து தென்காசியும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும் பிரிந்தன. 2020-ல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. உங்கள் பிரவுசர் இன்னும் பழைய மாவட்டத்திலேயே குடியிருக்கலாம்! தேதியும் அப்படித்தான். 05/04 என்பது நமக்கு ஏப்ரல் 5. அமெரிக்க முறைப்படி இயங்கும் தளத்துக்கு அது மே 4.

இரண்டு எழுத்தில் முழு விலாசம்

ஆட்டோஃபில் வேலை செய்யாத தளங்களுக்கு கீபோர்டு ஷார்ட்கட் கைகொடுக்கும். ஆண்ட்ராய்டு போனில் ஜிபோர்டு பயன்படுத்துபவர்கள், அதன் செட்டிங்ஸில் ‘டிக்‌ஷனரி’, ‘பெர்சனல் டிக்‌ஷனரி’ என்று போங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, ‘டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்’ என்று போக வேண்டும். அங்கே முழு விலாசத்தையும் அதற்கு இரண்டு, மூன்று எழுத்துகளில் ஒரு சுருக்கத்தையும் பதிந்துவிடுங்கள். அவ்ளோதான்! அதன்பின் சுருக்கத்தை டைப் செய்தாலே முழு விலாசமும் வந்து நிற்கும்.

வழக்கமாகப் பேச்சில், எழுத்தில் வராத சுருக்கமாகத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால், நண்பருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜின் நடுவில் உங்கள் விலாசம் எட்டிப் பார்க்கும்.

தளத்திலேயே இருக்கும் வசதி

ஐ.ஆர்.சி.டி.சி கணக்கில் ‘மாஸ்டர் லிஸ்ட்’ என்று ஒரு பகுதி உண்டு. குடும்பத்தினரின் பெயர், வயது, பெர்த் விருப்பத்தை முன்கூட்டியே பதிந்துவைத்தால், டிக்கெட் எடுக்கும்போது தேர்ந்தெடுத்தாலே போதும். ஏ.சி வகுப்புக்கு காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தத்கல் திறக்கும்போது, இதன் அருமை புரியும். அதே நேரம், ‘தத்கல் டிக்கெட்டை நொடியில் எடுத்துத் தருகிறோம்’ என்று விற்கப்படும் சாஃப்ட்வேர்கள் பக்கம் போகவே போகாதீங்க. உங்கள் கணக்கே முடக்கப்படலாம்.

டி.என்.பி.எஸ்.சி-யின் ஒருமுறைப் பதிவும் இதே வகைதான். அடிப்படை விவரங்களைத் தந்து ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

நீங்கள் ஃபார்ம் அனுப்பும் பக்கத்தில் இருப்பவரா? வகுப்பு ஆசிரியரோ, அப்பார்ட்மென்ட் செயலாளரோ... கூகுள் ஃபார்ம்ஸில் மூன்று புள்ளி மெனுவுக்குள் ‘ப்ரீ-ஃபில்’ வசதி இருக்கிறது. மாறாத பதில்களை நிரப்பியபடியே லிங்க் எடுத்து அனுப்பினால், வாங்குபவர்கள் மீதியை நிரப்பினால் போதும்.

எதையெல்லாம் சேமிக்கக் கூடாது?

* ஆதார் எண், கார்டு எண், பாஸ்வேர்டு ஆகியவற்றை கீபோர்டு ஷார்ட்கட்டில் வைக்காதீர்கள். திறந்த போன் யார் கையில் கிடைத்தாலும் அவற்றைப் பார்த்துவிட முடியும்.

* பாஸ்வேர்டுகளுக்கு பாஸ்வேர்டு மேனேஜர்தான் சரி. இணையதள முகவரி பொருந்தினால்தான் அது பாஸ்வேர்டைத் தர முன்வரும். வழக்கமாக நிரப்பும் வங்கித் தளத்தில் அது திடீரென்று மௌனமாக இருந்தால், நீங்களாக டைப் செய்யாதீர்கள். அது போலித் தளமாக இருக்கலாம்.

* பிரவுசிங் சென்டர், அலுவலகக் கம்ப்யூட்டர் ஆகியவற்றில் ‘சேமிக்கவா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ கொடுங்கள். கெஸ்ட் மோடு அல்லது இன்காக்னிட்டோவில் நிரப்புவது இன்னும் நல்லது.

* முன்பின் தெரியாத ஆட்டோஃபில் எக்ஸ்டென்ஷன்களைத் தவிருங்கள். ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்க, மாற்ற’ அனுமதி கேட்கிறது என்றால், நீங்கள் டைப் செய்யும் எல்லாவற்றையும் அது பார்க்க முடியும் என்று அர்த்தம்.

* அறிமுகமில்லாத தளங்களில் ஆட்டோஃபில் வேண்டாம். பெயர், மெயில் ஐ.டி என இரண்டு கட்டங்களை மட்டும் காட்டிவிட்டு, விலாசம், போன் நம்பருக்கான கட்டங்களை மறைத்துவைத்துத் தகவல்களை எடுக்க முடியும் என்று 2017-ல் பின்லாந்தைச் சேர்ந்த வெப் டெவலப்பர் ஒருவர் செய்தே காட்டினார்.

சப்மிட் அழுத்தும் முன்...

பெயர், பிறந்த தேதி, மாவட்டம், போன் நம்பர். இந்த நான்கை மட்டும் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். போன் நம்பர் பழையதாக இருந்தால் ஓ.டி.பி-யே வந்து சேராது. ஆட்டோஃபில் மிச்சப்படுத்தித் தரும் ஐந்து நிமிடத்தில் அரை நிமிடத்தை இதற்குக் கொடுத்தால் போதும். அப்ளிகேஷன் தள்ளுபடியானபின் பெயர்த் திருத்தத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் வேலை மிச்சம்.