அம்புக்கு ஏற்ற மரம் எது?

1545-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு நூல் வெளிவந்தது. ஒரு கப்பல் மூழ்கியது. நூலின் பெயர் 'டாக்ஸோபிலஸ்'. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழி கற்பித்துவந்த ரோஜர் ஆஸ்கம் என்பவர் எழுதியது. வில்வித்தையைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் நூல் அதுவே. அரசர் எட்டாம் ஹென்றிக்கு அவர் அதைக் காணிக்கையாக்கினார். கப்பலின் பெயர் 'மேரி ரோஸ்'. அதே ஹென்றியின் போர்க்கப்பல். பிரெஞ்சுக் கடற்படையை எதிர்த்துப் புறப்பட்ட அந்தக் கப்பல், ஜூலை 19-ஆம் நாள் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு அருகில் கவிழ்ந்து மூழ்கியது.

ஆஸ்கம் தம் நூலில், அம்பின் தண்டு செய்ய உதவும் பதினைந்து மரங்களின் பெயர்களைக் கூறுகிறார். சில மிகக் கனமானவை, சில மிக இலேசானவை, சில இடைப்பட்டவை. போர் அம்புகளுக்கு ஆஷ் மரமே நல்லது என்பது அவர் தீர்ப்பு. இக்காலத்தில் ஆஸ்பென் மரத்தில் செய்கிறார்களே என்று குறைப்பட்டும் கொள்கிறார். ஆஷ், கனமும் உறுதியும் உள்ள மரம். கிரிக்கெட் ஆட்டத்தில் நட்டுவைக்கும் ஸ்டம்புகளை மரபாக அதில்தான் செய்தார்கள். ஆஸ்பென், பாப்ளர் இனத்தைச் சேர்ந்த மென்மரம். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் ஒட்டுப்பலகைக்காகவும் தீக்குச்சிக்காகவும் உழவர்கள் வளர்க்கும் பாப்ளருக்கு அது நெருங்கிய உறவு.

மேரி ரோஸ் கடலடிச் சேற்றில் புதைந்து கிடந்தது. 1971-ல் அது கிடந்த இடத்தை உறுதி செய்தார்கள். 1982 அக்டோபரில் அதன் உடற்பகுதியை மேலே தூக்கினார்கள். சேற்றில் காற்றுப் புகாததால் மரப்பொருள்கள் மட்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட விற்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. இரும்பு முனைகள் துருப்பிடித்து அழிந்துபோயிருந்தன, தண்டுகள் மிஞ்சின. அவற்றின் மரத்தை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை பாப்ளர் என்று தெரிந்தது. ஆஷ், பீச், ஹேசல் ஆகியவை சிறு அளவிலேயே இருந்தன.

அறிஞர் வேண்டாம் என்ற மரத்தையே அரசரின் படைக்கலச்சாலை தேர்ந்தெடுத்திருந்தது. இருவரில் யார் சொன்னது சரி? இதற்கு விடை காணுமுன், அம்புத் தண்டிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன என்று பார்க்கவேண்டும்.

அம்பு நேராக இருக்கவேண்டும், உடையாமல் இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். விறைப்பாக, சிறிதும் வளையாமல் இருக்கவேண்டும் என்றும் பலர் சேர்த்துச் சொல்வார்கள். இந்தக் கடைசி எண்ணம்தான் தவறு. ஒரு சிறிய படம் வரைந்து பார்த்தால் இது விளங்கும். வில்லின் தண்டுக்கு ஒரு பருமன் உண்டு. அம்பை அதன் பக்கவாட்டில்தான் சாய்த்துவைக்க முடியும்; ஊடுருவி வைக்க முடியாது. நாணோ வில்லின் நடுத்தளத்தை நோக்கித் திரும்பிச் செல்கிறது. ஆகவே, இடப்பக்கத்தில் வைத்த அம்பு இலக்குக்குச் சற்று இடப்புறமாகவே பார்த்துக்கொண்டிருக்கும். நாண் முன்னேற முன்னேற அந்தக் கோணம் இன்னும் பெரிதாகும். அம்பு உருக்குக் கம்பிபோல் வளையாததாக இருந்தால் இடப்புறம் விலகித்தான் பாயும். ஆனால், தேர்ந்த வில்லாளியின் அம்பு இலக்கை நோக்கி நேரே செல்கிறது! இதையே 'வில்லாளியின் முரண்புதிர்' என்கிறார்கள்.

புதிரை விடுவித்தவை திரைப்படக் கருவிகள். 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலறிஞர், வில்லை விட்டு அம்பு வெளியேறுவதை அதிவேகப் படங்களாக எடுத்தார். நாண் பின்னாலிருந்து திடீரென்று தள்ளுகிறது. முன்முனையின் கனம் எதிர்க்கிறது. இடையில் அகப்பட்ட தண்டு வில்போல் வளைகிறது. வளைந்தது மீள்கிறது, எதிர்ப்பக்கம் வளைகிறது, இப்படி ஆடிக்கொண்டே, பாம்பு நெளிந்து தூணைக் கடப்பதுபோல், வில்லின் தண்டைத் தொடாமல் சுற்றிக் கடந்துவிடுகிறது. இவ்வளவும் ஒரு வினாடியில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆகவே அம்பின் நெளிவும் வில்லின் வேகமும் ஒத்துப்போகவேண்டும். வலக்கையால் நாணை இழுப்பவரின் அம்பு மிகவும் விறைப்பானால் இடப்புறம் போகும். மிகவும் தளர்வானால் வலப்புறம் போகும், உடைந்தாலும் உடையும். வலிமை மிக்க வில்லுக்கு விறைப்பு மிக்க தண்டு. இளைய வில்லுக்கு இளகிய தண்டு. அளப்பதும் எளிது. 26 அங்குல இடைவெளியில் உள்ள இரு தாங்கிகள்மீது தண்டைக் கிடத்தி, நடுவில் இரண்டு பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று பார்ப்பார்கள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாம் சட்டத்தின் வளைவைக் கொண்டு யங் குணகம் காணும் சோதனைதான் இது. பழங்கால அம்புக்காரர்கள் எடையும் தாங்கியும் இல்லாமல், விரலால் வளைத்துப் பார்த்தே ஒரே மாதிரியான தண்டுகளைப் பிரித்தெடுத்தார்கள்.

எதிலிருந்து பிரித்தெடுத்தார்கள்? வெப்ப நாடுகளில் கேள்விக்கே இடமில்லை. நாணலும் பிரம்பும் மெல்லிய மூங்கிலும் ஆற்றங்கரையில் ஆயத்தமாக வளர்ந்து நின்றன. குறைந்த எடையில் மிகுந்த விறைப்பைத் தருவது குழாய். நாணல் இயற்கையே செய்த குழாய். கி.மு. 480-ல் கிரேக்கத்தின்மீது படையெடுத்த பாரசீக மன்னன் செர்க்ஸீஸின் சேனையில் இருந்த இந்தியர்கள், நாணல் அம்புகளில் இரும்பு முனை பொருத்தியிருந்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். வடமொழியில் 'சரம்' என்றால் ஒருவகை நாணல். அம்புக்கும் அதுவே பெயர். நாம் இன்று 'சரமாரியாகக் கேள்வி கேட்டார்கள்' என்று எழுதும்போதும், அந்தச் சொல்லுக்குள் ஒரு நாணற்புதர் ஒளிந்திருக்கிறது. லத்தீன் மொழியிலும் நாணலைக் குறிக்கும் சொல் அம்பைக் குறிக்கும்.

குழாய்க்கு ஒரு குறை உண்டு. கல்லில் மோதினால் அதன் நுனி பிளந்துவிடும். அதனால் நாணலின் முன்பக்கத்தில் கடினமான மரத்துண்டு ஒன்றைச் செருகி, முனையை அதில் பொருத்தினார்கள். 1922-ல் திறக்கப்பட்ட எகிப்திய மன்னன் தூத்தன்காமனின் கல்லறையில் இத்தகைய நாணல் அம்புகள் கிடைத்தன.

ஐரோப்பாவின் குளிர்ந்த வடபகுதியில் இந்த வசதி குறைவு. அங்கே அம்புக்கு மரம்தான் கதி. மரத்திலிருந்து தண்டு செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புதரில் நேராக வளரும் இளங்கிளையை அப்படியே வெட்டி, பட்டையை உரித்து, நெருப்பில் வாட்டி நிமிர்த்துவது. இதில் நார்கள் அறுபடுவதில்லை, உறுதி மிகுதி. 1991-ல் ஆஸ்திரிய–இத்தாலிய எல்லையில் பனிக்கட்டிக்குள் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்திய மனிதனை நினைவுகூரலாம். அவனுடைய அம்பறாத்தூணியில் வைபர்னம் என்னும் புதர்ச்செடியின் கிளைகளால் ஆன 14 தண்டுகள் இருந்தன. அவற்றுள் இரண்டே முடிந்த அம்புகள். மீதி பன்னிரண்டும் அரைகுறை. அம்பு செய்வது எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மற்றொரு வழி, பெரிய அடிமரத்தை நாரோட்டத்தின் வழியே பிளந்து, சீவி உருட்டுவது. ஹாம்பர்க் நகருக்கு அருகில் ஸ்டெல்மூர் என்ற இடத்தில் 1930-களில் கிடைத்த, பதினோராயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய பைன் மர அம்புகள் இம்முறையில் ஆனவை. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அவை எரிந்துபோயின என்பது வருத்தத்துக்குரிய செய்தி. இந்த முறையில் நாரோட்டம் கோணினால் ஆபத்து. தண்டு அந்த இடத்தில் முறியும். ஆனால் ஒரே மரத்திலிருந்து ஒரே மாதிரியான தண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும்.

இந்த எண்ணிக்கையே இங்கிலாந்துக்கு முக்கியமாயிற்று. மேரி ரோஸ் கப்பலின் தளவாடப் பட்டியல் இன்றும் உள்ளது. அதன்படி, 250 விற்களும் 400 கட்டு அம்புகளும் அதற்கு உரியவை. ஒரு கட்டுக்கு 24 அம்புகள். ஆக, ஒரு கப்பலுக்கு மட்டும் 9,600 அம்புகள்! புதர் புதராகத் தேடிக் கிளை பொறுக்கி இதைச் செய்ய முடியாது. விரைவில் வளர்வதும், சீராகப் பிளப்பதும், எளிதில் சீவ வருவதுமான மரம் வேண்டும். பாப்ளர் இவற்றில் குறைவைப்பதில்லை. அரசாங்கம் அதை எவ்வளவு பொருட்படுத்தியது என்பதை 1416-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுகிறது. சேற்றில் நடக்க அணியும் பாதக்குறடுகளை ஆஸ்பென் மரத்தில் செய்யக்கூடாது. மீறினால் நூறு ஷில்லிங் தண்டம். பாதக்குறடு செய்பவர்களின் பாடு திண்டாட்டம். அம்புக்கு உதவாத துண்டுகளை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தளர்த்துவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று.

வசதிக்காக மட்டும் பாப்ளரை எடுத்தார்களா, அல்லது அதில் தனிச்சிறப்பு உண்டா? இங்கே சிறிது கணக்குப் போடலாம். உருண்டைத் தண்டின் விறைப்பு, யங் குணகத்தையும் விட்டத்தின் நான்காம் படியையும் பொறுத்தது. எடையோ அடர்த்தியையும் விட்டத்தின் இரண்டாம் படியையும் பொறுத்தது. இவற்றிலிருந்து, ஒரே விறைப்பும் நீளமும் உள்ள தண்டுகளின் எடை, அடர்த்தியை யங் குணகத்தின் வர்க்கமூலத்தால் வகுத்த ஈவுக்கு நேர்விகிதமாக இருக்கும் என்று மாணவர்கள் தாமே வருவிக்கலாம். ஆஷ் மரத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 0.68 கிராம், ஆஸ்பெனுக்கு 0.45. யங் குணகங்கள் ஏறத்தாழ 12-க்கு 10 என்ற விகிதம். கணக்குப் போட்டால், ஆஷ் தண்டைவிட நூற்றுக்குச் சுமார் ஐந்து பங்கு மட்டுமே பருத்த ஆஸ்பென் தண்டு, அதே விறைப்பைத் தந்து, எடையில் நான்கில் மூன்று பங்காகவே இருக்கும். மேரி ரோஸ் விற்களை இழுக்க 100 முதல் 185 பவுண்டு வரை விசை தேவைப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அத்தகைய வில்லுக்கு மிக விறைப்பான தண்டு வேண்டும் அல்லவா? மென்மரம் விறைப்பைக் கனமின்றித் தருகிறது.

இனி வேகத்தைப் பார்ப்போம். வில் அம்பை மட்டும் தள்ளவில்லை. தன் கைகளையும் நாணையும்கூட நகர்த்துகிறது. பால் கிளாப்ஸ்டெக் என்ற அமெரிக்க இயற்பியலறிஞர், இந்த இழப்பை அம்போடு சேர்ந்து ஓடும் ஒரு கற்பனை நிறையாகக் கொள்ளலாம் என்று காட்டினார். கணக்குக்காக வில்லில் தேங்கிய ஆற்றல் 130 ஜூல், கற்பனை நிறை 30 கிராம் என்று கொள்வோம். முனையும் இறகும் சேர்ந்து 20 கிராம். தண்டு பாப்ளரானால் 36 கிராம், ஆஷானால் 48 கிராம். பாப்ளர் அம்பு வினாடிக்கு 55 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஆஷ் அம்பு 51½ மீட்டர். காற்றே இல்லையென்றால், பாப்ளர் அம்பு 308 மீட்டர் வரை பாயலாம். ஆஷ் அம்பு 271 மீட்டர்தான். ஆனால் ஆஷ் அம்பின் இயக்க ஆற்றல் 85 ஜூலுக்குப் பதில் 90 ஜூல். அதன் உந்தம் நூற்றுக்குப் பதினான்கு பங்கு அதிகம். கனமான அம்பு, வில்லின் ஆற்றலில் பெரும்பங்கைத் தனதாக்கிக்கொள்கிறது; காற்றிலும் மெதுவாகவே வேகம் இழக்கிறது.

ஆஷ் அம்பு பலமாக அடிக்கும், ஆஸ்பென் அவ்வாறு அடிக்காது என்று ஆஸ்கம் எழுதியது ஆகவே உண்மை. ஆஷ் அம்பே விரைவானது என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். வில்லை விட்டுக் கிளம்பும் கணத்துக்கு அது பொருந்தாது. தகட்டுக் கவசம் அணிந்தவனை அருகிலிருந்து எய்ய, நான் அவர் கட்சியே. கடற்போரில், நெருங்கி வரும் கப்பலின் மேல்தளத்தில் தொலைவிலிருந்தே அம்புமாரி பொழியவேண்டுமானால், படைக்கலச்சாலையின் கட்சி. ஆஸ்கம் தாம் எய்யும் அம்பை நினைத்தார். அவர்களோ 9,600 அம்புகளை எண்ணினார்கள்.

பாப்ளரின் குறையை அந்தக் கைவினைஞர்கள் அறியாமல் இல்லை. நாணின் அடி நேரே விழும் அடிமுனை, மென்மரத்தில் எளிதில் பிளந்துவிடும். மேரி ரோஸ் தண்டுகளின் அடிமுனையில், நாண் பொருந்தும் பிளவுக்குக் குறுக்காக மற்றொரு மெல்லிய, ஆழமான பிளவு காணப்படுகிறது. அதில் விலங்கின் கொம்பிலிருந்து சீவிய சில்லு ஒன்றைச் செருகி ஒட்டியிருந்தார்கள். கொம்பு கடல்நீரில் கரைந்துபோயிற்று. பிளவு மட்டும் தண்டுக்குத் தண்டு அப்படியே இருக்கிறது.